லயத்துக்கு மேலே மலை

போடி வட்டாரத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் போடிமெட்டு வழியாக ஜீப்புகள் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. மழையில் மலைச்சாலை சரிந்தால் ஜீப் ஓடாது. அன்றையக் கூலியும் கிடையாது. ஆனாலும் இவர்களுக்குக் கீழே ஊரில் ஒரு வீடு இருக்கிறது. மேலே லயங்களில் குடியிருப்போருக்கு அதுவும் இல்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நான்கு லயங்கள் மண்ணில் புதைந்தன. மாண்டவர் 70 பேர், பெரும்பாலோர் தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடந்ததால், செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. 2024 ஜூலை 30-இல் வயநாட்டு முண்டக்கையிலும் லயங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

மழை பலத்தால் வேறிடம் போங்கள் என்று அதிகாரிகள் சொல்வது எளிது. எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரைதான் குடியிருப்பு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியை வீடு கொடுக்கச் சொன்னதே தவிர, அதைத் தொழிலாளிக்கு உடைமையாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு சென்ட் நிலம் இல்லை! பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. சாவுக்குப் பின் கிடைத்த நிலம் முன்பே கிடைத்திருக்கக் கூடாதா?

ஆபத்தான சரிவிலுள்ள லயங்களைக் கணக்கெடுத்து, பத்திரமான இடத்தில் பட்டாவுடன் மனை வழங்கக் கேரள அரசு ஆவன செய்ய வேண்டும். அதுவரை, தோட்டந்தோறும் மழைமானி வேண்டும். ஆளை வேலைக்குக் கூப்பிட ஊதும் சங்கு, பெருமழை இரவிலும் ஊதட்டும். எச்சரிக்கை தமிழிலும் வரட்டும். அடுத்த இடவப்பாதிக்கு முன் இவ்வளவாவது நடக்க வேண்டும்.