பார்த்துத் தாங்கோ

 

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பிப் போனால் மல்லாவி வரும். அங்கே கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். ழுஹருக்கு வுழூச் செய்யக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. “தண்ணி மோட்டர் பழுது ஹஸ்ரத், கிணத்தில அள்ளித் தாறன்” என்றார் வீட்டுச் சகோதரி. திருத்துபவர் யாரும் பக்கத்தில் இல்லையா என்று கேட்டேன். “இருக்கிறார். கூப்பிட்டா வாறாரில்லை” என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். இரண்டு கிழமைக்கு முன் அதே மோட்டர் உறுமியது, சுழலவில்லை. பக்கத்து ஒழுங்கைத் தமிழ் இளைஞர் வந்து கப்பாசிற்றரை மாற்றினார். பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது. “எவ்வளவு தம்பி?” என்று கேட்க, “சாமான் காசு இவ்வளவு. கூலியை நீங்கள் பார்த்துத் தாங்கோ அக்கா” என்றாராம். இவர் கூலியாக நூறு ரூபாய் கொடுத்தார். “முகம் மாறினது விளங்கினது ஹஸ்ரத். பத்து நிமிச வேலைதானே எண்டு நினைச்சன்.”

சகோதரிகளே, ‘பார்த்துத் தாங்கோ’ என்பது மரியாதையான சொல். ஆனால் எத்தனையோ மனக்கசப்புகள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகின்றன. கொடுப்பவர் குறைத்துப் பார்க்கிறார், வாங்குபவர் கூட்டிப் பார்க்கிறார். இதனால்தான் கூலி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. ‘உன்னைத் திருப்திப்படுத்துவேன்’ என்று மட்டும் சொல்லி வேலை வாங்கினால், அந்த வேலைக்கு ஊரில் வழக்கமாக எவ்வளவு கூலியோ அதைக் கொடுப்பது கடமை என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இதற்கு ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்று பெயர். நம் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது.

கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக இப்னு மாஜாவில் வருகிறது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது. கூலியாள் முஸ்லிமா இல்லையா என்ற வேறுபாடு இதில் கிடையாது. ஹிஜ்ரத்தின்போது நபியவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலி பேசி அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித், குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். அவரை நம்பி உயிரையே ஒப்படைத்தார்கள்.

‘பத்து நிமிட வேலை’ என்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது. 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் உதிரிப்பாகமும் கிடைக்காத வன்னியில், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவை இப்படிப்பட்ட கைகள்தாம். நாம் கூலி கொடுப்பது நேரத்துக்கு மட்டுமல்ல, அந்த அறிவுக்கும்தான்.

நியாயமான விலை என்பது நம்மால் அடித்துக் குறைக்க முடிந்த விலை அல்ல. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசி வாங்கப்பட்டது. குதிரை அதற்கு மேல் பெறுமதி என்று கண்டு, விற்றவரிடம் சொல்லிச் சொல்லி 800 வரை உயர்த்திக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்தவர் அவர்.

அதற்காக ஏமாறவும் வேண்டாம். ஆண்கள் இல்லாத வீட்டில், கப்பாசிற்றர் பழுதை ‘வைண்டிங் எரிந்துவிட்டது’ என்று சொல்லிக் காசு பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஹராமான சம்பாத்தியமே. ஆகவே, கழற்றுமுன் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானை வாங்கிப் பாருங்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். மோட்டர் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். கிணற்றுக்குள் இருக்கும் பூட் வால்வு ஒழுகலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மேலே வைத்து உறிஞ்சும் சாதாரண மோட்டருக்கு ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீர் எடுப்பது கடினம். தண்ணீரில்லாமல் ஓடினால்தான் பெரிய செலவு வரும்.

அந்தச் சகோதரி மகனிடம் மிச்சக் கூலியைக் கொடுத்து, மன்னிக்கச் சொல்லும்படி அனுப்பினார். அஸருக்கு முன் அந்த இளைஞர் வந்தார். வாசலிலேயே சகோதரி, “முதலே கூலியச் சொல்லுங்கோ தம்பி” என்றார். அவர் சிரித்துக்கொண்டு தொகையைச் சொன்னார். பூட் வால்வில் சருகு சிக்கியிருந்தது. கையைக் கழுவி முடிக்குமுன் காசு அவரிடம் போய்ச் சேர்ந்தது.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் இன்று மீண்டும் அயலவரோடு வாழப் பழகுகிறார்கள். நம்மைப் பற்றி அயலவர் அறிவது நம்முடைய பயானிலிருந்து அல்ல. நாம் எண்ணிக் கொடுக்கும் கூலியிலிருந்துதான்.

பிறர் ஹக்கு நம் வீட்டில் தங்காமல் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.