புகை அடித்தால் டெங்கு போய்விடுமா?

மழைக்காலத்தில் தெருவில் ஓரிருவர் டெங்குவோடு மருத்துவமனையில் சேர்ந்ததும் எழும் முதல் கோரிக்கை, ‘எங்கள் பகுதிக்குப் புகை அடியுங்கள்’ என்பதுதான். கவுன்சிலர் வண்டியை அனுப்புகிறார். வெண்புகை தெருவை மூடுகிறது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடுகிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. புகை அடித்தால் டெங்கு ஒழியும், அடிக்காவிட்டால் நிர்வாகம் தூங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தேறவில்லை.

‘கொசு சாக்கடையில் உற்பத்தியாகிறது, அங்கே அடித்தால் போதும்’ என்பது முதல் காரணம். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ். அது இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி பகலில் கடிப்பது. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. மூடாத டிரம், சிமென்ட் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் நீர் வடியும் தட்டு, கொல்லையில் கிடக்கும் டயர், சிரட்டை, பழைய ஆட்டுரல் எல்லாமே அதற்குப் பிறந்த வீடு. பிறந்த இடத்தைவிட்டுச் சில நூறு மீட்டருக்கு அப்பால் அது போவது அரிது. ஆகவே ஒருவருக்கு டெங்கு தந்த கொசு அநேகமாக அவர் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, வேலை செய்யும் இடத்திலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

‘புகை பட்டால் கொசு செத்துவிடுமே?’ பட்டால் சாகும்தான், ஆனால் படுவதில்லை. ஏடிஸ் ஓய்வெடுப்பது கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கொடியில் தொங்கும் துணி மடிப்பில். புகை வண்டியின் சத்தம் கேட்டதும், டீசல் நெடிக்குப் பயந்து எல்லா வீட்டிலும் கதவையும் சன்னலையும் சாத்துகிறார்கள். கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது, மருந்து வெளியே காற்றோடு போகிறது. போதாக்குறைக்கு, பரவலாகப் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் திறனை உலகின் பல பகுதிகளில் இந்தக் கொசு பெற்றுவிட்டது.

‘அடிக்கடி அடித்தால் வம்சமே அழியும்’ என்பது அடுத்த வாதம். புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டிக்குள் நெளியும் புழுவை அது தொடுவதில்லை. முட்டையோ இன்னும் கெட்டி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் அது, தண்ணீர் இல்லாமலே பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். நீர் ஏறியதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இன்று அடித்த புகை கலைந்த பிறகு, நாளை இறகு முளைக்கும் கொசுவை எது தடுக்கும்? வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். நீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது.

‘வெளிநாடுகளில் மருந்து அடித்துத்தானே ஒழித்தார்கள்?’ இந்த வாதத்துக்கு வரலாறே பதில். 1901ல் கியூபாவின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சலை அடக்கியவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ். அந்த நோயைப் பரப்புவதும் இதே ஏடிஸ்தான். அவருடைய ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்; நீர்த் தொட்டிகளை மூடவைத்தார்கள், மூட முடியாத நீரில் எண்ணெய் ஊற்றினார்கள். புகையும் போட்டார்கள், ஆனால் தெருவில் அல்ல, நோயாளி இருந்த வீட்டை இடுக்கு விடாமல் அடைத்துவிட்டு உள்ளே போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரோடு நகரில் நோய் நின்றது.

பிரேசில் 1958ல் ஏடிஸ் எஜிப்டி அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அங்கே டிடிடி பயன்பட்டது உண்மை. அதை நீர்க்கலன்களிலும் அவற்றை ஒட்டிய சுவர்களிலும் தேடித் தேடி அடித்தார்கள். கண்காணிப்பு தளர்ந்ததும் கொசு திரும்பியது; 1980களில் டெங்குவும் வந்தது. சிங்கப்பூரில் 1966ல் சோதித்த வீடுகளில் ஏறத்தாழ 48 சதவீதத்தில் ஏடிஸ் புழு இருந்தது. வீட்டுச் சோதனை, அபராதம், சட்டம் என்று விடாமல் செய்து அதைச் சுமார் 2 சதவீதத்துக்கு இறக்கினார்கள். பிற்பாடு அங்கும் டெங்கு தலைதூக்கியது என்பதும் உண்மை. ஒரு முறை செய்துவிட்டு ஓயும் வேலை அல்ல இது.

‘புகையால் பயனே இல்லையா’ என்று கேட்டால், உண்டு. ஒரே இடத்தில் பலருக்கு நோய் கண்டால், வைரஸ் ஏறிய கொசுக்களை உடனடியாகக் குறைக்க வீட்டுக்குள் மருந்து அடிப்பது துணை செய்யும். ஆனால் புகை மட்டுமே டெங்குவைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு, 2010ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று தேடியும் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

‘மக்களின் அலட்சியமே காரணம்’ என்று அதிகாரிகள் கைகழுவுவதும் சரியல்ல. குழாயில் நாலு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில் டிரம் வைக்காமல் யார் குடும்பம் நடத்த முடியும்? சீரான குடிநீர் வழங்கலும் டெங்குத் தடுப்புதான். தமிழகத்தில் வீடு வீடாகப் புழு தேடி அபேட் மருந்து ஊற்றும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் செய்வது புகை வண்டியைவிடப் பயனுள்ள வேலை. அது படத்தில் எடுப்பாகத் தெரியாது, அவ்வளவுதான்.

எனவே அடுத்த முறை கவுன்சிலரைப் பார்க்கும்போது, புகை வண்டி எப்போது வரும் என்று கேட்க வேண்டாம். புழு பார்க்கும் பணியாளர் வாரந்தோறும் வருகிறாரா, குழாயில் தண்ணீர் தினமும் வருமா என்று கேளுங்கள். அந்தப் பணியாளர் வரும்போது மொட்டை மாடிக் கதவையும் திறந்துவிடுங்கள்.