ஆணி இல்லாத செருப்பு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல்தான் பிழைப்பு. ஆனால் மனிதத் தோலில் ஒரு திட்டு தெரிந்தால் ஊரே ஒதுங்கிய காலம் உண்டு. அந்தத் தொழுநோய்க்கு மருத்துவம் படிக்க 1961-இல் வேலூருக்கு வந்தார் ஒரு கத்தோலிக்க சகோதரி: ஜெர்மனியின் டாக்டர் ரூத் ஃபாவ். அதற்கு முன்பே இந்தியாவுக்குக் கிளம்பியவரை, 1960-இல் விசா சிக்கல் பாகிஸ்தானின் கராச்சியில் நிறுத்தியது. அங்கே கைகால்களை ஊன்றித் தவழ்ந்து வந்த இளம் நோயாளியைக் கண்டார். அங்கிருந்த தொழுநோயாளிகளோடே தங்கிவிட்டார். இறையழைப்பு வானத்திலிருந்து அசரீரியாகத்தான் வர வேண்டுமா என்ன? கிடைக்காத விசாவாகவும் வரலாம்.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது. மனசு இருந்தால் போதும் என்று இருந்துவிடாமல், புராட்டஸ்டன்ட் மிஷன் வளர்த்த வேலூர் மருத்துவமனைக்கு வந்து கற்றார். தொழுநோயால் மரத்துப்போன பாதத்துக்கான செருப்பில் ஆணி கூடாது. குத்தினாலும் தெரியாது, புண் புரையோடிவிடும். இரக்கம் மட்டும் இதைச் சொல்லித் தராது. கற்றதோடு அவர் திரும்பிச் சென்று உழைத்த பாகிஸ்தானில், 1996-இல் தொழுநோய் கட்டுக்குள் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2017-இல் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. சேவைக்குப் புறப்படும் பிள்ளைகளே, முதலில் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.