ஆயுள் பத்து நிமிஷம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஐ.வி. போனவங்களுக்குத் தெரியும். எந்தச் சரக்கும் டெஸ்ட் பண்ணாம கேட்டைத் தாண்டாது. அதே திருவள்ளூர் மாவட்டத்துல, திரூர்ல ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோடது. டி.கே.எம். என்று தொடங்குற நெல் ரகமெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைங்கதான். டி.கே.எம்.னா திரூர்க்குப்பம். இதுல டி.கே.எம்.6 பெரிய ஸ்டார். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1969-ல வெளியிட்ட ஐ.ஆர்.20-க்கு இது ஒரு பெற்றோர். தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகத் தேடிப் பிடிச்சாங்க.

சரி, ரெண்டு நெல்லுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறது எப்படி? ஒரு நெற்பூவுல ஆறு மகரந்தப்பை. அம்மா செடியில பூ விரியறதுக்கு முன்னாடியே அந்த ஆறையும் எடுத்துடணும். அப்பா செடியோட மகரந்தத்தை மேல தூவணும். இங்கதான் சிக்கல். மக்காச்சோள மகரந்தம் மணிக்கணக்குல தாங்கும். நெல்லோடது பையை விட்டு வெளிய வந்த அஞ்சு, பத்து நிமிஷத்துல அவுட்! டீ குடிச்சுட்டு வந்து தூவலாம்னா நடக்காது.

அந்த மகரந்தம் தேறுமா, தேறாதா? இதுக்கு எல்லா லேபும் முதல்ல எடுக்கிறது நம்ம ஸ்கூல் அயோடின்தான். நாளைக்கு விரியப்போற பூவைக் கதிரோட மேல்பக்கத்துல இருந்து எடுத்து, 70 சதவீத ஆல்கஹால்ல போட்டு வைங்க. அப்புறம் ஒரு பையை ஸ்லைடுல நசுக்கி, அயோடின்-பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்புல பாருங்க. உருண்டையா, கருகருன்னு இருந்தா மாவு நிரம்பினது. சுருங்கி, வெளிறிய மஞ்சளா இருந்தா மலடு. 300 எண்ணி 240 கறுப்புன்னா 80 சதவீதம். வீரிய ஒட்டுநெல் ஆட்கள், ஆண்மலட்டுச் செடியை எந்த ரகத்தோட சேர்த்தா மகரந்தம் திரும்ப வருதுன்னு பார்க்கறதும் இந்த எண்ணிக்கையை வெச்சுத்தான். கல்லூரி லேபுலயே முடியற வேலை, செலவும் சொற்பம்.

ஆனா ஒரு விஷயம். அயோடின் பார்க்கிறது மாவை, உயிரை இல்லை. வெயில்ல செத்த மகரந்தத்துக்குள்ளயும் மாவு அப்படியே இருக்கும், அதுவும் கறுக்கும். ரிப்போர்ட்ல பலரும் இதையே ‘உயிர்ப்புத்திறன்’னு எழுதிடறாங்க. எனக்கு இது ஒப்புதல் இல்லை. காலி வீட்டுல லைட் எரியுதுன்னா ஆள் இருக்காங்கன்னு அர்த்தமா?

உயிர் இருக்கான்னு தெரியணும்னா முளைக்க வெச்சுப் பார்க்கணும். சர்க்கரை, போரிக் அமிலம், கால்சியம் நைட்ரேட் கலந்த ஊடகத்துல, பூ விரிஞ்ச உடனே புது மகரந்தத்தைத் தூவினா, சில நிமிஷத்துலயே சின்னதா ஒரு குழாய் நீளும். மகரந்தத்தோட விட்டத்தைவிட அது நீளமா இருந்தா முளைச்சதுன்னு கணக்கு.

இவ்வளவு கறார் எதுக்குன்னு கேட்டா, சொர்ணவாரிதான் காரணம். திருவள்ளூர் பக்கம் சித்திரை, வைகாசியில விதைக்கிற பட்டம் அது. பூக்கும்போது வெயில் இன்னும் முழுசா தணிஞ்சிருக்காது. பூக்கும் நேரத்துல 35 டிகிரியைத் தாண்டினா மகரந்தப்பை சரியா வெடிக்காது, விழுந்த மகரந்தமும் முளைக்காது. கதிர் நிமிர்ந்தே நிக்கும், உள்ளே அரிசி இருக்காது. ஊர்ல அதைத்தான் ‘சாவி’ங்கறாங்க. வெயிலைத் தாங்கற ரகத்தை அயோடினை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தா, ஸ்லைடுல 90 சதவீதம் காட்டினதே வயல்ல சாவியா நிக்கலாம். உரக்கடன் வாங்கினவர் தலையில விழும் அந்தக் கணக்கு.

தாங்கற ரகமும் இருக்கு. நாகினா 22-ன்னு ஒரு பழைய இந்திய ரகம், உலகம் முழுக்க வெப்ப ஆராய்ச்சியில அதைத்தான் அளவுகோலா வைக்கிறாங்க. இன்னொரு வழி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காலையிலயே பூத்து முடிக்கிற ரகம்.

தாவரவியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறவங்க புராஜெக்டுக்கு இதை எடுத்தா, ஸ்லைடு லேபிள்ல பூ எடுத்த மணியும் அப்போதைய வெப்பநிலையும் எழுதிடுங்க. கூடவே அதே செடியில ஒரு கதிருக்கு உறை மாட்டி விட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு அதுல எத்தனை மணி நிரம்பியிருக்கு, எத்தனை சாவின்னு எண்ணி, உங்க அயோடின் நம்பரோட பக்கத்துல வைங்க.