அரங்கமா, வாசிகசாலையா?

2025 செப்டெம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் இரு கருமங்கள் நடந்தேறின. மண்டைதீவிலே சர்வதேச கிரிக்கெட் அரங்கொன்றுக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். அன்றே யாழ் பொது நூலகத்தில் மின்னூலகத் திட்டத்தையும் தொடக்கி வைத்தார். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் தீக்கிரையாக்கப்பட்ட அந்த நூலகத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டம் 100 மில்லியன் ரூபா ஒதுக்கியது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் மாத்தளை மாவட்டத்துத் தமிழ் மகன், "எமக்கு என்ன?" என்று கேட்பானாயின் அக்கேள்வியில் பிழை காண இயலாது.

நம் மாவட்டத்திற்கு அரங்கம் கிடைத்துக் கால் நூற்றாண்டாகிறது. தம்புள்ளையில் முதலாவது சர்வதேச ஒருநாள் ஆட்டம் நிகழ்ந்தது 2001இல். 2024 ஜூலையில் இலங்கைப் பெண்கள் ஆசியக் கிண்ணத்தை வென்றதும் அங்கேதான். அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால், ஆட்டமில்லாத நாளில் யட்டவத்தத் தோட்டமொன்றின் லயத்துச் சிறுவனுக்கு அவ்வரங்கினால் ஆவதென்ன? 2020 மே மாதம் ஹோமாகமவில் இன்னுமோர் அரங்கம் கட்ட முனைந்தபோது, இருக்கும் மைதானங்களிலேயே போதிய ஆட்டங்கள் இல்லையே என்று கேட்டவர் மகேல ஜயவர்தன. அவரை விளையாட்டின் விரோதி என்று எவரும் சொல்லமாட்டார்! அத்திட்டம் கைவிடப்பட்டது.

நம் சிறுவனுக்கு வேண்டியவை இரண்டே: லயத்துக்கு அருகே சமன் செய்த ஒரு மைதானம், மாலையில் விளக்கெரியும் ஒரு வாசிகசாலை. பிரதேச சபைகள் இவற்றைக் கிராமங்களுக்குச் செய்தன, தோட்டங்களுக்குச் செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் சட்டத்தைக் காட்டினர். அது முழுப் பொய்யுமன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குரிமை பெற்ற பின்னும் வசதியுரிமை பெறாத மக்களாக நம்மவரை அது வைத்திருந்தது. நாடாளுமன்றம் அப்பிரிவைத் திருத்தியது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து!

இப்போது அந்தச் சாட்டு இல்லை. 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளும் மீண்டும் கூடியுள்ளன. யட்டவத்த பிரதேச சபை முதலில் வாசிகசாலைக்கே பணம் ஒதுக்கவேண்டும் என்பது நமது கட்சி. மைதானத்தைச் சிரமதானத்தால் ஓரளவு சமன் செய்துகொள்ளலாம். நூலகரின் மாதச் சம்பளத்தைச் சிரமதானத்தால் கொடுக்க முடியாது. கட்டடம் திறந்து, நாடா வெட்டி, படம் பிடித்துப் பின் பூட்டிவைக்கும் வாசிகசாலை நமக்கு வேண்டாம். சம்பளம், நாளிதழ், ஆண்டுதோறும் வாங்கும் தமிழ் நூல்கள் ஆகிய மூன்றும் செலவுக் கணக்கில் தனித்தனியே நிற்கட்டும்.

2018இன் பின் தோட்டங்களுக்குள் எத்தனை ரூபா செலவாயிற்று என்று சபையை எழுத்தில் வினவ, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் இடமளிக்கிறது. வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தோட்டத்து மக்களுடன் அமர்ந்து அவ்விண்ணப்பங்களை எழுதிக்கொடுப்பார்களாக. மிளகுத் தோட்டக்காரரும் நெல் விவசாயியும் தம் பெயரிலேயே கேட்கலாம். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபையின் முன் வைக்கப்படுமுன் பதில்கள் நம் கைக்கு வந்தாகவேண்டும்.