மறைந்த பெயரும் மறையாத பட்டமும்

சென்னையில் தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய காட்சிகளை நம் சங்கத்து முதியோர் சிலர் இன்றும் சுவைபட எடுத்துரைப்பர். அதே கிங்காங் 1955 நவம்பரில் ஜப்பான் சென்று, ஆசிய ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்திற்காகப் பொருது தோற்றார். அவரை வென்றவர் ரிக்கிடோசான் என்பவர். அவர் வழிவந்த வேறொரு பட்டத்தின் வரலாற்றை இத்திங்கள் அறிந்துகொள்வோம்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் முன்னரே வகுத்துக்கொள்ளப்படுவன என்பதை இன்று பலரும் அறிவர். அவ்வாறாயின் பட்டத்திற்கு மதிப்பேது எனச் சிலர் வினவலாம். மேடையில் முடி தரிப்பவன் மெய்யரசன் அல்லன். ஆயினும் அரிச்சந்திரன் வேடத்தைக் கண்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடுகிறோமா? தாங்கக்கூடியவனைத் தேடியல்லவா கொடுக்கிறோம்! ஜப்பானிய மல்லர்களின் பட்டமும் அத்தகையதே.

ரிக்கிடோசான் முதலில் சுமோ மல்லராக இருந்தவர். 1950இல் அதனைத் துறந்து, 1953இல் ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டில்தான் அந்நாட்டில் தொலைக்காட்சி தோன்றிற்று. வீட்டில் பெட்டி வாங்க இயலாத மக்கள், தெருக்களில் நிறுத்தப்பட்ட பெட்டிகளின் முன் திரண்டு நின்று, 1954இல் அவர் கனடியரான ஷார்ப் சகோதரர்களோடு பொருததைக் கண்டனர். போரில் தோற்றுச் சோர்ந்திருந்த நாட்டுக்கு அவர் வீரத்திருமகனாக விளங்கினார். 1958 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லூ தெஸ் என்னும் பெருமல்லரை வென்று, சர்வதேச ஹெவிவெயிட் பட்டத்தை ஜப்பானுக்குக் கொணர்ந்தார்.

ஆனால் அந்த வீரத்திருமகன் பிறப்பால் ஜப்பானியர் அல்லர். ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொரியாவில் பிறந்தவர். இயற்பெயர் கிம் சின்ராக். நாகசாகியைச் சேர்ந்தவர் என்றே உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தார். அவரைக் கொண்டாடிய மக்களுள் மிகப் பலர், அவர் வாழ்ந்த காலத்தில் இவ்வுண்மையை அறியார். 1963 டிசம்பரில் கத்திக்குத்துக்கு ஆளாகி, ஒரு வாரத்தில் அவர் உயிர் நீத்தார்.

வெறுமையாய்க் கிடந்த சர்வதேசப் பட்டத்தை 1965இல் அவருடைய மாணாக்கர் ஜயண்ட் பாபா வென்றார். பின்னர் அது 1972 டிசம்பரில் மற்றொரு மாணாக்கரான ஓக்கி கிந்தாரோவைச் சென்றடைந்தது. இவரும் கொரியரே. ரிக்கிடோசானிடம் வித்தை கற்கும் வேட்கையால் கள்ளத்தனமாய்க் கடல் கடந்து வந்து பிடிபட்டவர். அவ்வாசானின் முயற்சியாலேயே சிறை மீண்டவர். ஜப்பானில் ஓக்கி எனவும், தாயகத்தில் கிம் இல் என்னும் சொந்தப் பெயராலும் விளங்கினார். 1981 வரை அக்கச்சை அவரிடமே இருந்தது. ஆசான் மறைத்து வைத்த பிறப்பை மாணாக்கர் மறைக்கவில்லை.

பாபா 1972இல் அகில ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கினார். சர்வதேசப் பட்டம் அங்கு வந்து சேர்ந்தது. 1989 ஏப்ரல் 18ஆம் நாள் டோக்கியோவில், சர்வதேசப் பட்டத்தைத் தாங்கிய ஜம்போ சுருதா, மற்ற இரு பட்டங்களைத் தாங்கிய அமெரிக்கர் ஸ்டான் ஹான்சனை வென்றார். மூன்றும் இணைந்து ‘மும்முடிப் பட்டம்’ ஆயிற்று. பட்டம் ஒன்றாயினும் கச்சைகள் மூன்றாகவே இருந்தன. சாம்பியன் மூன்றையும் சுமந்தே மேடையேறுவார். 2013இல்தான் ஒரே கச்சை செய்யப்பெற்றது.

இங்கு நம் மனத்தைக் கவரும் மரபொன்று உண்டு. பட்டப்போட்டிக்கு முன் சாம்பியன் தம் கச்சையைத் திருப்பி ஒப்படைத்துவிடுவார். பட்டத்திற்கான போட்டி என்னும் அறிவிப்பு முறைப்படி வாசிக்கப்படும். அதன் பின்னரே மணி ஒலிக்கும். வென்றால் அதே கச்சை மீண்டும் அவர் இடையை அணிசெய்யும். நேற்றுப் பெற்ற பெருமை இன்றைக்குப் போதாது, வெறுங்கையனாய் நின்று மறுபடியும் பெறுக என்பதே இம்மரபின் பொருள் போலும்!

2013 அக்டோபரில் இப்பட்டத்தை வென்றவர் அக்கேபோனோ. அவரும் சுமோவிலிருந்து வந்தவரே. 1993இல் அவ்விளையாட்டின் மிக உயர்ந்த யோக்கோசுனா நிலையை எய்திய முதல் அயல்நாட்டவர். அவர் ஹவாய்த் தீவினர் என்பதை ஜப்பான் முழுதும் அறியும். முதல்வர் மூடி வைத்த கதவு, அறுபது ஆண்டுக்குள் பட்டப்பகலில் திறந்தே கிடந்தது.

பிழைப்பை நாடி வந்த ஊரில் பெயரைச் சுருக்கிக்கொள்வதும், பிள்ளைகள் வெளியே தமிழ் பேசக் கூசுவதும் நம்மிடையே புதிதன்று. அவ்வாறு செய்தோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. ரிக்கிடோசானின் காலமும் நெருக்கடியும் அவரைப் பணித்தன. ஆயினும் ஒரு நாடே தோளில் தூக்கிக் கொண்டாடிய அம்மனிதரை, அவர் தாய் இட்ட பெயரால் வாழ்த்தியவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? வந்த ஊருக்கு உழைப்பைக் குறைவின்றிக் கொடுப்போம். பெயரை நம்மிடமே வைத்துக்கொள்வோம். கச்சையைத் திருப்பிக் கொடுக்கலாம், மீண்டும் வெல்லலாம். பெயர் அத்தகையதன்று.