காலங்கடந்த கணக்கு

ஜவ்வாது மலையிலே பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். அங்கிருந்து ஜெனீவா நகரம் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், பூகோளம் படிக்கும் பிள்ளை ஆயிரக்கணக்கான மைல் என்பான். அரசியல் அறிந்தவர் தரவேண்டிய விடை வேறு: இருபது ஆண்டுத் தொலைவு! அது எப்படி என்று கேட்கிறீர்களா தோழர்களே? சொல்கிறேன்.

ஐ.நா. மன்றம் 1966-ஆம் ஆண்டு குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. எவருடைய உயிரையும் முறைகேடாகப் பறித்தல் கூடாது, எவரையும் வதைத்தல் கூடாது என்பன அதன் விதிகளுள் தலையானவை. 1979 ஏப்ரல் 10-ஆம் நாள் இந்தியா அதில் இணைந்தது. விதிகள் காக்கப்படுகின்றனவா என்று ஆராய, 18 வல்லுநர்கள் கொண்ட மனித உரிமைக் குழு ஜெனீவாவிலே கூடுகிறது. அக்குழுவுக்குப் படையில்லை, சிறைக்கூடமில்லை. நாடுகள் தரும் அறிக்கையைப் படிப்பது, கேள்வி கேட்பது, கண்ட குறையை உலகறிய எழுதி வைப்பது, இவைதான் அதன் வலிமை. அறிக்கையே வராவிட்டால்? ஏரைப் பிடுங்கிக்கொண்டு உழவனை வயலுக்கு அனுப்பிய கதைதான்!

இந்தியாவின் மூன்றாவது அறிக்கை 1997-இல் ஆராயப்பட்டது. நான்காவது அறிக்கை 2001 டிசம்பர் 31-க்குள் சேரவேண்டும். சேர்ந்தது எப்போது தெரியுமா? 2021-இல்! குழு அதனை எடுத்து ஆராய்ந்தது 2024 ஜூலையில். ஒரு விசாரணைக்கும் அடுத்த விசாரணைக்கும் இடையே 27 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, வாக்களித்து, பெற்றோருமாகியிருக்கும்.

இடைக்காலத்தில் நாடு அமைதியாக உறங்கிக் கிடந்ததா? இல்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்தின் சேசாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழர்கள் காவல் படையின் துப்பாக்கிக்கு இரையாயினர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்குடிகள் அவர்களுள் பலர். ஜவ்வாது மலையிலும் ஒப்பாரி கேட்டது. தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. முன்கூட்டியே பிடித்துச் சென்று சுட்டார்கள் என்றனர் உரிமை இயக்கத்தார். எது உண்மை என்று உரக்கக் கேட்கவேண்டிய மன்றங்களுள் ஒன்று ஜெனீவாக் குழு. ஆனால் அந்த ஆண்டிலே அதன் மேசையில் இந்தியாவின் ஏடு இல்லை; 14 ஆண்டாக வராத ஏடு!

பாதிக்கப்பட்ட குடும்பம் நேரே குழுவிடம் முறையிடலாமே என்பீர்கள். அந்தக் கதவும் அடைபட்டிருக்கிறது. தனிமனிதர் முறையீட்டுக்கு வழிவிடும் விருப்ப நெறிமுறையை இந்தியா ஏற்கவில்லை. ஆகவே மலைமீது கணவனை இழந்து நிற்கும் பெண்ணுக்கு, அரசு தரும் அறிக்கை ஒன்றுதான் வாயில். அதைத் திறக்கும் சாவி, குற்றஞ்சாட்டப்பட வேண்டிய அரசின் மடியிலேயே இருக்கிறது!

ஏடு தாமதித்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். எல்லாம் கெடும். அறிக்கை மொழிபெயர்க்கப்பட வேண்டும், உறுப்பினர் படிக்க வேண்டும், மக்கள் இயக்கங்களின் மாற்று அறிக்கையோடு ஒத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் கேள்வி. இருபது ஆண்டுத் துயரங்களைச் சில மணி நேரத்தில் அடக்கினால், ஒவ்வொரு துயரத்துக்கும் எத்தனை நிமிடம் கிடைக்கும்? அதற்குள் அன்றைய அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், சாட்சி மறைந்திருப்பார், கேள்வி வரலாறாகியிருக்கும்.

இது ஒரு குழுவோடு நின்ற பழக்கமுமன்று. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் குழுவுக்கு 15 முதல் 19 வரையிலான ஐந்து அறிக்கைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியது இந்தியா. 2007-இல் அது ஆராயப்பட்டது. சாதிக் கொடுமை அந்தக் குழுவின் எல்லைக்குள் வராது என்று வாதாடவும் செய்தது.

மற்ற நாடுகளும் தாமதிக்கின்றன என்று சமாதானம் கூறுவார்கள். உண்மை, பல நாடுகள் தாமதிக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கடன் தீர்க்கவில்லை என்பது நம் கடனுக்கு ரசீதாகுமா? மனித உரிமை மன்றத்தில் நாடுகள் ஒன்றையொன்று கேட்கும் ஆய்வு இருக்கிறதே என்பார்கள். அங்கே கேட்பவை அரசுகள். இங்கே கேட்பவர் வல்லுநர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்த பி.என். பகவதி 1995 முதல் பல ஆண்டுகள் அதே குழுவின் உறுப்பினராக வீற்றிருந்தார். உலக நாடுகளிடம் கணக்குக் கேட்கும் இருக்கையில் நம்மவர். கணக்குத் தராதோர் பட்டியலில் நம் நாடு! டில்லியிலே ஆட்சிகள் மாறின, தாமதம் மாறவில்லை. எனவே இது ஒரு கட்சியின் குற்றம் என்று சொல்லித் தப்ப எவருக்கும் இடமில்லை.

ஏழை ஒருவன் சாதிச் சான்றிதழை ஒரு நாள் தாமதித்துக் கொண்டுவந்தால், 'தேதி முடிந்துவிட்டது, போ' என்கிறது அரசு. அவன் பிள்ளையின் படிப்பு அதோடு முடிகிறது. இருபது ஆண்டு தாமதித்த அரசை எந்த மேசை திருப்பி அனுப்பிற்று?

நாம் கேட்பது பெரிதன்று. எந்த அறிக்கை எந்த நாளில் தரவேண்டும் என்ற பட்டியலை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். அனுப்புமுன் அறிக்கையைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கட்டும். மாநில அரசுகளும், நம் மாநில அரசு உட்பட, தங்கள் பங்குக் கணக்கை உரிய காலத்தில் தரட்டும். மாண்டவர் மீளமாட்டார், ஆனால் ஏன் மாண்டார் என்ற கேள்விக்கு, கேட்டவர் உயிரோடிருக்கும்போதே விடை வரவேண்டும். கையொப்பமிட்ட கை, கணக்கெழுதவும் கடமைப்பட்டது!